படத்துக்குள் வராத காணி

வைகாசி பிறந்தால் முல்லைத்தீவுக்கு கமராக்கள் இரண்டு தடவை வரும். மே 18 அன்று முள்ளிவாய்க்காலுக்கு. பிறகு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு. இரண்டுக்கும் நடுவில் கிடப்பது நந்திக்கடல்.

பொங்கல் என்றால் செய்தித் தளங்கள் கேட்பது தூக்குக்காவடியும் சனக்கூட்டமும்தான். நானும் சில வருடங்கள் திங்கட்கிழமை பின்னேரம் போய், அதை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பொங்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பது பிந்தித்தான் உறைத்தது. பாக்குத்தெண்டல் முடிந்து, பொங்கலுக்கு ஒரு கிழமை முந்திய திங்களில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல்நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்துக்குப் போகும். அங்கே உப்புநீரில் விளக்கெரியும். ஞாயிறு அங்கே பொங்கி, மடைப்பண்டங்களோடு வற்றாப்பளைக்குப் போவார்கள். மதுரையை எரித்துவிட்டுக் களைத்து வந்த கிழவிக்கு மாடு மேய்த்த பிள்ளைகள் பொங்கிக் கொடுத்தார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது கடல்நீரில் ஏற்றச் சொன்னாள் என்பது ஊர்க்கதை.

ஆக, இது ஒரு கட்டடத்துக்குள் நடக்கும் வழிபாடு இல்லை. கடற்கரையில் தொடங்கி, ஊர்களுக்கூடாக நடந்து, களப்புக் கரையில் முடிகிறது. இடையில் எங்கே வேலி விழுந்தாலும் அறுந்துவிடும்.

2009 வைகாசியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தோம். அம்மம்மா பவுசர் தண்ணீரில் உப்பைக் கரைத்துத் திரியைப் போட்டார். எரியவில்லை. "இது எங்கட கடல் தண்ணி இல்லையே" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை.

திணைக்களங்கள் கேட்பது உறுதி, வர்த்தமானி, கல்வெட்டு. சனம் நடந்த தடத்துக்கு உறுதி கிடையாது. வெடுக்குநாறிமலையில் 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவில் 8 பேரைப் பொலிஸார் கைது செய்தார்கள். மார்ச் 19 அன்றுதான் வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் தொல்லியல் அகழ்வு தொடங்கிய பிறகு, பொங்குவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. என்னுடைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் இந்த இரண்டு மலைகளின் படங்களிலும் சப்பாத்துகளும் சீருடைகளும்தான் அதிகம். பிரச்சினை இல்லாத நாளில், ஒரு கிழவர் கற்பூரம் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போன நாளில், நான் அங்கே போகவில்லை. இப்போது "முந்தியும் கும்பிட்டோம்" என்று காட்டத் தேவைப்படுவது அந்தப் படம்தான். இதில் ஊடகக்காரர்களாகிய எங்களுக்கும் பங்கிருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளவும் முடியாது. சிவராத்திரிக் கைதுகளுக்குப் பிறகு, கும்பிடுபவரின் முகம் தெரிய எடுப்பதற்கு முன் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அப்போது கைகளை எடுக்கிறேன், செம்பை எடுக்கிறேன்.

வற்றாப்பளையைத் தாண்டினால் கேப்பாப்புலவு. 2017இல் பிலக்குடியிருப்புச் சனம் ஒரு மாதம் வீதியோரம் இருந்து, மார்ச் 1 அன்று தங்கள் காணிக்குள் திரும்பியது. மற்றவர்களின் காணிகளில் ஒரு பகுதி பிறகு விடப்பட்டது. இன்னும் முகாமுக்குள் கிடப்பவையும் உண்டு.

போன பொங்கலன்று கோயில் வீதியில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, அம்மாளைப் படம் எடுத்தது காணும். என்ர வளவையும் ஒருக்கா எடுத்துத் தாவன். கிணத்தடியில ரெண்டு தென்னை நிண்டது."

முகாம் வேலிப் பக்கம் கமராவைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். களப்புக் கரைக்குக் கூட்டிப்போனேன். அவர் தன் காணி இருக்கும் திசைக்குக் கையை நீட்ட, அவரையும் பின்னால் தண்ணீரையும் சேர்த்து எடுத்தேன்.

கமராவின் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தென்னை தெரியேல்லையே" என்றார்.