முதுகு நோயைத் தொழில் நோய் என்று எழுதுங்கள்

எங்கள் ஊர் சானமாவிலிருந்து ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், சீட் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வருகிறவர்கள் சிலர் உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாரம் முழுவதையும் ஒரு காலுக்குக் கொடுத்திருப்பார்கள். சட்டைக்குள் பெல்ட் புடைத்துத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன். என் வலி இடுப்பில் ஆரம்பிக்கிறது. வலது பிட்டத்துக்குள் நுழைந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் பெருவிரலுக்குப் போய்ச் சேர்கிறது. இருமினாலும் தும்மினாலும் கால் முழுக்க மின்சாரம் பாய்கிறது. நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றது ஸ்கேன்.

நான் வேலை பார்ப்பது வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில். வார்ப்புப் பாகங்கள் டிரேயில் அடுக்கி, தரையோடு தரையாகக் கிடக்கும் பேலட்டில் வரும். குனிந்து எடுத்து, இடுப்பைத் திருப்பி, மெஷினில் மாட்ட வேண்டும். பாகம் ஒன்றும் மலையளவு கனமில்லை. ஆனால் குனிவதும் தூக்குவதும் திரும்புவதும் ஒரே அசைவில் சேர்ந்து, அதுவே ஷிப்ட் முழுக்கத் தொடர்ந்தால் முதுகு தாங்காது. முதலில் பார்த்த மருத்துவர், "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு மாத்திரை, பெல்ட், ஓய்வு என்று எழுதினார். நான் சொன்ன வேலை சீட்டில் ஏறவில்லை. அதற்குப் பிறகு பார்த்தவர்களின் சீட்டுகளிலும் ஏறவில்லை. ஓய்வு முடிந்து திரும்பினால் அதே மெஷின், அதே பேலட், அதே தரை.

இது ஒரு மருத்துவரின் தவறு இல்லை. அவரிடம் அதைக் கேட்கும் சட்டமே இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய 29 நோய்கள் இருந்தன. ஈய நச்சு, சிலிகோசிஸ், பஞ்சாலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் வரும் காது கேளாமை எல்லாம் அதில் இருந்தன. முதுகு இல்லை. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றி, 2025-ல் அதன் இடத்துக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் முதுகைச் சேர்க்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-லேயே தன் தொழில் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவு கொடுத்துவிட்டது. நாம் இன்னும் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. எண்ணாத நோய்க்கு எந்தக் கம்பெனியும் பேலட்டை உயர்த்தி வைக்காது.

இன்னொரு பக்கம், நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு வழி தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் திறந்திருக்கிறது. சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 விழுக்காடு கட்டுகிறது. சாதாரண நோய் விடுப்புக்கு 70 விழுக்காடு சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஆனால் நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைத் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றுக்கு 80 விழுக்காடு சம்பளத்தை இரண்டு ஆண்டு வரை தர வழி வைத்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோயோடு முதுகெலும்பு ஜவ்வு விலகலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு இது பெரிய விஷயமில்லை. கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் இடைவெளி விழுகிற தொழிலாளி எங்கே போவான்? குனிந்து தூக்கும் வேலை பெரும்பாலும் அவன் தலையில்தான் விழுகிறது. ஜவ்வு விலகல் என்பது இரண்டு ஆண்டு சம்பளம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நோய் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறது. அது வேலையால் வந்ததா என்று கேட்க இன்னொரு சட்டம் மறுக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிகிச்சையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஏழைகளின் பணம் அதிகம் கரைவது இங்கேதான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதல் முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. உலகில் 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது அது. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு நோயைப் புரியவைப்பதையும் பரிந்துரைக்கிறது. பெல்ட், இழுவைச் சிகிச்சை, அபின் வகை வலி மாத்திரை மூன்றையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நரம்பு வலி என்றதும் எழுதப்படும் பிரிகாபலினை ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். கால் வலியைக் குறைப்பதில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை, தலைச்சுற்றல்தான் அதிகம். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் தலைச்சுற்றல் என்றால் என்னவென்று ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருப்பதைப் பார்த்து வாழ்க்கையே முடிந்தது என்று உட்கார்ந்துவிட்ட இளைஞர்களை எங்கள் லைனிலேயே பார்க்கிறேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் 20 வயதுக்காரர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு ஜவ்வு பிதுங்கல் தெரிகிறது. பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்கவும் செய்கிறது. நெதர்லாந்தில் 283 பேரிடம் செய்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. பொறுத்துப் பார்க்க நேரம் உண்டு என்பதுதான் இதன் பொருள். சில அறிகுறிகளுக்கு மட்டும் பொறுமை கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், உட்காரும் இடம் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு உதவியது நடைதான். ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு நடத்தி 2024-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது: இயன்முறை மருத்துவர் வழிகாட்டி, நடையைப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வருவதற்குள் இடைநிலை மதிப்பாக 208 நாள் கிடைத்தது, அந்த வழிகாட்டல் பெறாதவர்களுக்கு 112 நாள்.

ஆனால் "விடியற்காலையில் நடங்க" என்று டவுன் மருத்துவர் சொல்லும்போது சானமாவு அவர் கண்ணில் இல்லை. ராகி முற்றும் மாதங்களில் பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டம் எங்கள் காட்டில்தான் தங்குகிறது. போடூர், ஆழியாளம், பீர்ஜேப்பள்ளி என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இருட்டில் வெளியே வராதே என்ற எச்சரிக்கையோடு இருக்கும். முக்கால் ஏக்கர் ராகி வைத்திருப்பவன் எச்சரிக்கையைக் கேட்டு வீட்டில் படுத்துக்கொள்ள முடியாது. ஷிப்ட் முடிந்து வந்து காவலுக்குப் போகிறான். கால் மரத்துப்போகிறவனால் யானையைக் கண்டு ஓட முடியுமா? என் தம்பி என்னைக் காவலுக்கு விடுவதில்லை. என் பங்கையும் சேர்த்து அவனே விழித்திருக்கிறான். இந்தக் கணக்கு எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் வராது.

பெண்களின் நிலை இதைவிட மோசம். பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவர்களும், சூளகிரிப் பக்கம் கொத்தமல்லி பிடுங்கிக் கட்டுகிறவர்களும் நாளெல்லாம் குனிந்தபடியே இருக்கிறார்கள். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போகிறார்கள்.

இவர்களுக்கான வழி நம் மாவட்டத்திலேயே பிறந்தது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரை தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 2024-ல் ஐ.நா. விருதும் பெற்றது. படுத்த படுக்கையானவர்களுக்கு மட்டும் என்று நினைக்காமல், படுக்கையில் விழப்போகும் நிலையில் வயலில் நிற்கிறவளையும் அது தேடிப் போக வேண்டும். தொழிற்சாலைக்குள் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அரசு, கூடவே ஓர் இயன்முறை மருத்துவரையும் அனுப்பி, பேலட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். நின்று வேலை செய்கிறவருக்கு இடையில் உட்கார வசதி தர வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவே எப்போதோ சொல்லிவிட்டது. அந்த ஸ்டூலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்குச் சில வாரம் லைட் டூட்டி தருவதில் எந்தக் கம்பெனியும் நொடித்துப்போகாது. பழகிய கை ஒன்று அதற்குத் தங்கும்.

மத்திய அரசு, தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் அட்டவணையில் முதுகைச் சேர்க்கட்டும். தமிழகத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அதற்காகக் காத்திராமல் ஓசூரில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கட்டும். என்னைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, எவ்வளவு எடையை எத்தனை மணி நேரம் எப்படித் தூக்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல், அதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கி வாருங்கள்.