தண்ணி வர வழி இருக்கு, சேறு போக வழி?

வீடு வாங்கறவங்க என்னென்ன கேக்கறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? வாசல் கிழக்கு பாத்திருக்கா, போர் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் வருதா, கார் நிறுத்த இடம் உண்டா... எல்லாம் கேப்போம். தண்ணி உள்ள வர்றதைப் பத்தி இவ்வளவு விசாரிக்கிற நாம, அதே தண்ணியை மொத்தமா வெளியேத்தணும்னா எப்படின்னு மட்டும் கேக்கறதே இல்லை. இந்தப் பதிவு அதைப் பத்தின புலம்பல். பிளம்பிங் பதிவான்னு ஓடிடாதீங்க மக்களே, நாம குளிக்கிற, சமைக்கிற தண்ணி சமாச்சாரம் :-)

ராயப்பேட்டையில நாங்க இருக்கறது கொஞ்சம் பழைய அபார்ட்மெண்ட். மொட்டை மாடியில பத்தடிக்கு எட்டடி கான்கிரீட் டேங்க். கட்டினவர் ஓவர்ஃப்ளோ பைப் வெச்சார், வீடுகளுக்கு இறங்கற பைப் வெச்சார். அடிமட்டத்துல வாஷ் அவுட் மட்டும் வெக்கலை. இறங்கற பைப் தரையிலேர்ந்து மூணு அங்குலம் மேல இருக்கு. அது சரிதான். வண்டல் அடியில தங்கணும், குழாய்க்கு வரக்கூடாது. ஆனா தங்கின வண்டல் அப்புறம் எங்க போகும்?

கணக்கு போட்டுப் பாருங்க. அந்த மூணு அங்குலத் தண்ணி மட்டும் 550 லிட்டருக்கு மேல. அரை டன்! வழியே இல்லாததால ஒரு ஆள் உள்ள இறங்கி, குனிஞ்சு, மக்கால மொண்டு, முப்பது நாப்பது பக்கெட் வெளிய ஊத்தணும். கழுவினப்புறம் அந்தத் தண்ணியையும் அதே மாதிரி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டேங்க் கழுவணும்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் கழுவறதில்லை? சோம்பேறித்தனம்னு சொல்லிடறோம். என்னைக் கேட்டா, கழுவ முடியாத மாதிரி கட்டி வெச்சிருக்கறதுதான் காரணம்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஊரே லாரித் தண்ணியில ஓடிச்சு. அப்ப எங்க சம்ப்புல வந்து விழுந்த தண்ணி சில நாள் டீ கலர்ல இருந்தது. அந்த மண்ணெல்லாம் மோட்டார் வழியா மேல ஏறி டேங்க் அடியில உக்காந்துச்சு. மழை வந்தது, ஏரி நிறைஞ்சது, மண்ணு மட்டும் அப்படியே இருந்தது.

இத்தனைக்கும் இது நமக்குப் புது விஷயம் இல்லை. ஏரி வெட்டின நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும். மிச்சத் தண்ணி வழிய கலங்கல், பாசனத்துக்குத் திறக்க மதகு. குமிழித்தூம்புன்னு ஒண்ணு வெச்சாங்க பாருங்க, அதுல மேல நீரோடித் துளை, அடியில சேறோடித் துளை. தண்ணிக்கு ஒரு வழி, சேத்துக்கு ஒரு வழி. நாம ஓவர்ஃப்ளோங்கற கலங்கலை மட்டும் வெச்சுக்கிட்டு சேறோடியை மறந்துட்டோம்.

குளிர் தேசத்துலயும் இதே கதைதானாம். சித்தி பையன் லண்டன் பக்கம் இருக்கான். அங்க பாய்லர்ல சூடான தண்ணி வீடு பூரா பைப்ல சுத்தி, ரேடியேட்டர் வழியா அறைகளைச் சூடாக்கும். உள்ளயே சுத்தற தண்ணிங்கறதால இரும்பு அரிச்சு கருப்புச் சேறு சேரும். "அண்ணா, எங்க வீட்ல பைப் மாடியிலேர்ந்து ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் தனித்தனியா கீழ இறங்குது. ஒரு இடத்துல திறந்தா மத்த இறக்கத்துல இருக்கறது அப்படியே நிக்குது"ன்னான். அதனால ஒவ்வொரு இறக்கத்தோட அடியிலயும் ஒரு டிரெயின் குழாய் போட வெச்சிருக்கான். தண்ணி பள்ளத்துலதான் நிக்கும், அதனால ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வழி வேணும். லண்டனா இருந்தா என்ன, பீட்டர்ஸ் ரோடா இருந்தா என்ன?

எங்க அசோசியேஷன்ல இதைப் பேசி முடிக்க மூணு மீட்டிங் ஆச்சு. "இத்தனை வருஷம் இல்லாம என்ன கெட்டுப் போச்சு?"ன்னு ஒரு பெரியவர். "ஓட்டை போட்டா ஒழுகும் சார்"னு பிளம்பர். ரெண்டாவது பயம் நியாயமானது. உளி, சுத்தியல் வெச்சு கான்கிரீட்டை உடைச்சா நிச்சயம் ஒழுகும். கோர் கட்டர்ல துளை போட்டு, பைப்பைச் சுத்தி நல்லா வாட்டர்ப்ரூஃப் பண்ணினா ஒழுகாது. எங்களுது ரெண்டு மழைக்காலம் தாண்டிடுச்சு. பிளாஸ்டிக் டேங்க்னா இன்னும் சுலபம், பக்கவாட்டுல அடிமட்டத்துல ஒரு நிப்பிள் போதும்.

போடறவங்களுக்கு நாலு விஷயம். கேட் வால்வு வேண்டாம், மண்ணு அடியில மாட்டினா சரியா மூடாது. பால் வால்வு போடுங்க. முனையில ஒரு பிளக் போட்டு மூடுங்க, பசங்க விளையாட்டா திறந்தாலும் டேங்க் காலியாகாது. வர்ற சேத்துத் தண்ணியை மழைநீர் சேகரிப்புக் குழியில விடாதீங்க, மணலும் ஜல்லியும் அடைச்சுக்கும். செடிக்கு விடுங்க. பைப் லைனைக் காலி பண்ணும்போது மேல இருக்கற ஒரு குழாயைத் திறந்து வெச்சுக்கோங்க. காத்து உள்ள போனாத்தான் தண்ணி வெளிய வரும்.

கீசருக்கும் இதேதான். சுடுதண்ணிக் குழாயைத் திறந்தா கீசர் காலியாகாது. கீழேர்ந்து பச்சைத் தண்ணி தள்ளறதாலதான் மேல சுடுதண்ணி வருது. நம்ம போர் தண்ணி உப்பு பொரிஞ்சு அடியில தங்கும். வரும் பைப்புல ஒரு டீயும் சின்ன வால்வும் இருந்தா, கரண்ட்டை ஆஃப் பண்ணி, ஆற விட்டு, வர்ற தண்ணியை அடைச்சு, காலி பண்ணலாம். திரும்ப நிரம்பறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் போடக்கூடாது.

இதெல்லாம் செலவுக் கணக்கா பாக்காதீங்க. நாம வால்வுக்கு மிச்சம் பிடிச்ச காசை, டேங்குக்குள்ள இறங்கற ஆள் தன் இடுப்பு வலியால கட்டறான். அடுத்த முறை ஃபிளாட் பாக்கப் போனா, மொட்டை மாடிக்குப் போய் டேங்கோட அடியைப் பாருங்க. வால்வு இல்லைன்னா பில்டர்கிட்ட கேளுங்க. நாலு பேர் கேட்டா அஞ்சாவது வீட்ல அவரே வெச்சிருவார்.

டிஸ்கி: உங்க பில்டிங்ல வாஷ் அவுட் இருக்கா இல்லையான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. சும்மா ஒரு கணக்கெடுப்புதான் :-)