அவள் கையில் அந்த வாள்

ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்த ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியின் கதையைப் போன வாரம் சித்தியிடம் கொடுத்தேன். இணையத்தில் ஏற்றுமுன் வீட்டில் ஒருவராவது படிக்கட்டுமே என்றுதான். சித்தியை வெறும் வாசகி என்று சொல்லிவிட முடியாது. ‘கல்கி’ இதழில் 1950இல் தொடங்கி வாராவாரம் வந்த ‘பொன்னியின் செல்வ’னை, மணியம் வரைந்த படங்களோடு கிழித்தெடுத்துத் தாத்தா பைண்டு செய்து வைத்த தொகுதிகள் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன. கடம்பூர் மாளிகை வரும் தொகுதிக்கு மட்டும் முதுகுத்துணி இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது.

என் கதையில், கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைவதற்கு ஒரு நொடி முன்னால் நந்தினி வாளைக் கீழே போடுகிறாள். அவள் பழிவாங்கக் காத்திருந்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனும் அவளும் அழுகிறார்கள். மன்னிக்கிறார்கள். சித்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “வாளைக் கீழே போட்டுட்டா, அப்புறம் இவ நந்தினியாடி?”

“பாவம் சித்தி அவ.”

“பாவம்தான். அதுக்காக அவ பட்டதையெல்லாம் நீ பிடுங்கிக்கலாமா?”

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்த பிறகு, நந்தினிக்காக ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதும் பெண்கள் நிறையப் பேரை வாசித்திருக்கிறேன். வில்லியை நேசிக்க வைக்க நாங்கள் எல்லோரும் பிடிக்கும் குறுக்கு வழிகள் இரண்டு. ஒன்று, அவள் செய்ததைச் செய்யாதவளாக்கி விடுவது. சதியெல்லாம் கூட்டாளி ரவிதாஸனுடையது, அவள் கையில் கறையே இல்லை என்பது. மற்றது, கரிகாலனைக் கொடூரனாக்கி அவளை மேலே தூக்குவது. நான் முதல் ஐந்து அத்தியாயங்களில் இரண்டாவதையும், கடைசியில் முதலாவதையும் செய்திருந்தேன். இரண்டிலும் அந்த இருவருக்கும் நடுவே இருந்த கயிறு அறுந்துபோகிறது.

அந்தக் கயிறு எங்கே கட்டப்பட்டது என்று பார்க்க மறுபடி நாவலைத் திறந்தேன். ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகள் அவனை ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற அடைமொழியோடு பேசுகின்றன. கல்லில் அது பெருமை. அந்தத் தலைக்காக அழுதவர் யார் என்று கல்வெட்டு கேட்காது. நாவலை எழுதிய கல்கி கேட்டார். வைகைக் கரைக் குடிசையில், காயம்பட்டுக் கிடக்கும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் உயிருக்காகக் கரிகாலனின் காலில் விழும் ஒரு பெண்ணைக் கற்பனையில் படைத்தார். அவள்தான் நந்தினி. அவளை அவன் ஒரு காலத்தில் நேசித்தவன். அப்படியும் வெட்டினான்.

இதுவரை எனக்குப் பிடிபடாத ஒன்று இந்த முறை பிடிபட்டது. அந்தக் குடிசைக் காட்சியை நமக்குச் சொல்வது நந்தினி அல்ல, கரிகாலன். மாமல்லபுரத்தில் நண்பன் பார்த்திபேந்திரனிடம் அவனே சொல்கிறான். அவளுடைய கெஞ்சலை, வெட்டியவன் வாய் வழியாகத்தான் முதலில் கேட்கிறோம். அவளுக்காக நம் நெஞ்சு இளகுவதற்கு முன்னால் அவன் நெஞ்சு வெந்துபோயிருக்கிறது. அவள் பக்கத்து நியாயத்தை அவளே பேசியிருந்தால் வாதமாகப் போயிருக்கும். எதிரி அதைத் தன் உறக்கமற்ற இரவுகளோடு சேர்த்துச் சொல்வதால் வாசகருக்கு மறுக்க வழியில்லை. நானோ ஒன்பது அத்தியாயமும் நந்தினியையே பேசவிட்டிருந்தேன்.

கடம்பூருக்குப் போகாதே என்று கரிகாலனைத் தடுக்க அவன் தங்கை குந்தவை வந்தியத்தேவனை அனுப்புகிறாள். ஆனாலும் கரிகாலன் போகிறான். வாளோடு ஒருத்தி காத்திருக்கிறாள், கடனோடு ஒருவன் வருகிறான். மீன் சின்னம் பொறித்த அந்த வாளை அவள் கையிலிருந்து எடுத்துவிட்டால், அவன் வந்ததற்கே பொருளில்லை. கடம்பூரில் அன்றிரவு கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டார். நாங்கள் மறுபடி மறுபடி அந்த அறைக்குள் நுழைவதற்கு அந்த இருட்டுதான் வாசல். ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து எழுதலாம் என்று நினைத்த முதல் ஆட்கள் நாங்களும் அல்ல. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதியது எங்களுக்கு வெகு முன்னால்.

ரவிதாஸனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் வரிசையில் அவன் பெயர் இருக்கிறது. உண்மையில் வாழ்ந்தவன். நாவலில் அவனும் வீரபாண்டியனுக்காகத்தான் வஞ்சினம் எடுக்கிறான். ஆனால் நான் தேடியவரை அவனுக்காக ஒரு கதைகூடக் கண்ணில் படவில்லை. அவன் அழகில்லாதவன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், அதை ஒப்புக்கொள்ள எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரிய காரணம் வேறு. கரிகாலனுக்கு அவன் யாரும் இல்லை. அவனை நினைத்துக் கரிகாலன் ஒரு இரவுகூட விழித்திருந்ததில்லை. எதிர்த்தரப்பில் தனக்காக வலிக்கும் ஒரு ஆள் இல்லாத வில்லன் வெறும் வில்லனாகவே நின்றுவிடுகிறான்.

புதிதாக எழுதினேன். ஒன்பது அத்தியாயம் போய், ஒரே அத்தியாயத்தில் முடியும் ஒன்ஷாட். கரிகாலன் கடம்பூர் வந்து சேர்வதற்கு முந்தைய இரவு. நந்தினி வாளைத் துடைக்கிறாள், பிறகு மறுபடி துடைக்கிறாள். அவனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுபுறம், வழியில் கூடாரத்தில் அவன் தூங்காமல் படுத்திருக்கிறான். குடிசையில் அவள் கும்பிட்ட கைகளை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறான். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை.

நேற்று சித்தியிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். “இப்போ இவ நந்தினி” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளை மடித்துத் தந்தவர், கொஞ்சம் பொறுத்து, “கிழவரை எங்கடி விட்டே?” என்றார்.

பெரிய பழுவேட்டரையர். 24 போர்களில் 64 விழுப்புண் வாங்கியவர். அவளை நம்பி மணந்து, அவள் சொன்னதையெல்லாம் நம்பி, சோழ நாட்டின் பொக்கிஷச் சாவியையே இடுப்பில் வைத்துக்கொண்டு ஏமாந்தவர். நந்தினிக்காக எழுதும் எங்கள் கதைகளில் அவர் பெரும்பாலும் தொல்லை தரும் கிழக் கணவர், அவ்வளவுதான். கரிகாலன் அவளுக்குச் செய்ததற்கு ஒரு குடிசை உண்டு. அவள் இவருக்குச் செய்ததற்கு நாங்கள் ஒரு பக்கம்கூட ஒதுக்கியதில்லை.

நந்தினி வாளைத் துடைக்கும் அறைக்கு வெளியே அவரை நிறுத்தியிருக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. அவருக்கு உள்ளே கேட்பது துணி உரசும் சத்தம் மட்டும். ராணி நகைகளைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, காலடி கேட்காமல் திரும்பி நடக்கிறார்.