நேர்ச்சையும் சங்கிலியும்

ஆரணியில் பட்டுத் தறியில் அமர்ந்திருப்பவர், பாவில் ஓரிழை அறுந்துவிட்டால் அதை மறைப்பதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த இழையைத் தேடி முடிந்த பின்னரே நாடாவை ஓட்டுகிறார். அதே ஊரில் நம் வீட்டுப் பிள்ளையொருவனின் சித்தம் கலங்கிவிட்டால் மட்டும் மூடி மறைக்கிறோம். ஜின் பிடித்திருக்கிறது என்கிறோம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறோம். தாயத்துக் கட்டுகிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். அதற்கும் அடங்கவில்லையெனில் நேர்ச்சை செய்துகொண்டு, 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஏர்வாடிக்குப் புறப்படுகிறோம். இது ஆரணிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் சமுதாயத்துக்கு மட்டும் உரியதுமன்று. மாற்றுச் சமயத்தாரும் அங்கே திரளாக வருகின்றனர். ஆயினும் நம் வீட்டுக் கணக்கை நாம்தாமே பார்க்க வேண்டும்?

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் நடந்ததை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளே இருந்தவர்களால் ஓட முடியவில்லை; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. காப்பகத்தை நடத்தியவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். ஆனால் இத்தகைய கொட்டகைகளில் நோயாளிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தவர்கள் யார்? பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமன்றோ!

நம்பிக்கையினால் செய்தார்கள் என்பர் சிலர். நாம் அதை ஒப்பமாட்டோம். நம்பிக்கையுள்ளவன் நோயாளியின் அருகிலிருந்து துஆச் செய்வான். சங்கிலியில் விட்டுவிட்டு ஊர் திரும்பமாட்டான். இங்கே நாம் அஞ்சியது ஷைத்தானை அன்று, சம்பந்தி வீட்டாரை. 'அந்த வீட்டில் ஒருவனுக்குப் பைத்தியமாம்' என்ற பேச்சுப் பரவினால் தங்கைக்கு மாப்பிள்ளை அமையாதே என்ற கவலை! வெட்கத்துக்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்தி வைத்திருக்கிறோம்.

மார்க்கமோ வேறு வழி காட்டுகிறது. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று வினவப்பட்டபோது, திரும்புவதும் இறைவனின் விதிக்கு உட்பட்டதே என விளக்கினார்கள். 1284-ல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதியே இருந்தது. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் நம் நோயாளிகளுக்கு வாய்த்தது கொட்டகையும் சங்கிலியும்!

ஆரணிக்கும் வேலூருக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அங்கே பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957 முதல் இயங்கி வருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன்தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது அதன் தனிச்சிறப்பு. மேலைநாட்டார் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்து வந்த காலத்தில், உறவினர் கூட இருந்து பார்க்கும் நம் நாட்டு வழக்கத்தையே இவர்கள் மருத்துவத்தின் ஓர் அங்கமாக்கிக் கொண்டார்கள். உற்றாரைக் கைவிடாத குணம் நம்முடையதுதான் என்று நாம் பெருமை பேசுகிறோம்; அதை வைத்துக் குணப்படுத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

தர்கா ஜியாரத் கூடுமா கூடாதா என்ற வழக்கை இங்கே யாரும் இழுக்க வேண்டா. அதற்காக நம் பத்திரிகைகள் சிந்திய மை போதும். குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் 'தவா – துஆ' என்னும் பெயரில் மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருங்கே வைத்தார்கள். அவ்வேற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. துஆவுக்குப் போனவர் மருத்துவரையும் கண்டு திரும்புவதில் எந்த ஈமானும் குறைந்துவிடவில்லை.

மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பின்கட்டு அறைக்குள் சட்டம் எட்டிப் பார்க்காது, ஜமாஅத் பார்க்கலாம். ஆரணி ஜமாஅத்தாரைக் கேட்கிறோம்: நீரிழிவைப் போல இதுவும் சிகிச்சைக்குரிய நோயே என்பதை ஒரு ஜும்ஆவிலேனும் மிம்பரிலிருந்து சொல்லுங்கள். மருந்துண்டு தேறிய பிள்ளைக்குப் பெண் பேசும்போது, நோயை ஒளிக்காமல் சொல்லும் வீட்டாரை இழிவாகப் பேசுவோரைக் கண்டியுங்கள். வேலூருக்குப் போகப் பேருந்துக் கட்டணத்துக்கும் வழியில்லாத வீடுகளுக்கு அந்தக் காசைப் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள்.