ஆள் எறங்குமா?

வீட்டுக்கடன் கோப்புகள் எங்க கிளையில் என் மேசைக்குத்தான் முதலில் வரும். பொறியாளர் போட்ட மதிப்பீட்டில் பூஜை அறைக்குத் தனி வரி, கிரானைட்டுக்குத் தனி வரி, வாசல் நிலைக்குத் தேக்கு எவ்வளவு என்று தனி வரி. செப்டிக் டேங்குக்கும் ஒரு வரி உண்டு, மொத்தமாக இவ்வளவு என்று. மூடி எங்கே, லாரி வந்து நிற்க வழி உண்டா, ஒரு பேச்சும் கிடையாது. ரொம்பும்போது பார்த்துக்கலாம். யாரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்பதில் இந்த நாட்டில் யாருக்கும் சந்தேகமில்லை.

போன மாசம் உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார்: "சார், டேங்க் ரொம்பிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருப்பாங்களே?" கிளையில் இருபது பேர் இருக்கோம். என்கிட்ட ஏன் கேட்டார்னு இந்த இதழைப் படிக்கிறவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கவிதை எழுதுறதும் அவருக்குத் தெரியும். அதப் பத்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபத்தை ஒரு பக்கம் வெச்சுட்டு அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் நம் தோழர்கள் வீட்டிலும், மாணவர் விடுதிகளிலும் டேங்க் இருக்கிறது. அங்கேயும் யாரோ போன் பண்ணி ஆள் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடுகிறவர் கேட்பது ரெண்டு கேள்வி. எவ்வளவு? எப்ப வருவீங்க? கூடவே ஒண்ணு: "அடியில உள்ளது லாரிக்கு வராதே, ஆள் எறங்கி வழிச்சு விடுவாங்கல்ல?" இதுக்கு 'ஆமா' என்கிற கம்பெனிக்குத் தொழில் தெரியாது. அங்கேயே போனை வெச்சுடணும்.

டேங்குக்குள்ளே மேலே ஏடு, நடுவில் கலங்கல் நீர், அடியில் கசடு. காற்றுப் புகாத இடத்தில் கசடு அழுகி மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும். பின்னது காற்றைவிடக் கனமானது. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கு மரத்துப்போகும். நாத்தம் போயிடுச்சுன்னு நினைக்கிற நேரம்தான் ஆள் சாகிற நேரம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற மேஸ்திரிகள் உண்டு. அது விஷவாயுவைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கசடைக் கலக்கினால் அடைபட்ட வாயு ஒரேயடியா வெளியே வரும். முதல் ஆள் விழ, தூக்கப்போன ரெண்டாவது ஆளும் விழுவது இப்படித்தான். பத்திரிகையில் 'விஷவாயு தாக்கி பலி' என்று வரும். வாயு எங்கிருந்தோ வந்து தாக்கின மாதிரி! எறக்கிவிட்டவன் அந்த வாக்கியத்தில் இருக்க மாட்டான்.

அடிக்கசடை வழித்துக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் லாரிக் குழாயே இழுத்துவிடும். வருஷக்கணக்கில் திறக்காமல் இறுகிப்போனாலும், மேலிருந்து தண்ணீர் பீய்ச்சி இளக்கி உறிஞ்சலாம். நேரமும் காசும் கூட ஆகும். அந்தக் கூடுதல் காசை மிச்சம் பிடிக்கத்தான் ஆளை எறக்குகிறார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை எல்லோருக்கும் தடை செய்கிறது, நேரடியாகவோ மறைமுகமாகவோ. 'கம்பெனிக்குத்தானே காசு கொடுத்தேன்' என்கிற வீட்டுக்காரரையும் அந்த 'மறைமுகமாக' பிடிக்கும். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நான் தினம் பார்க்கிற ஒரு சாதாரண வீட்டுக்கடன் தொகை.

தமிழ்நாட்டில் 2022இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கழிவு லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்க. குழாய் பிடிக்கிற தோழருக்குக் கையுறை, பூட்ஸ் இருக்கான்னு பாருங்க. அவருக்குக் காப்பீடு உண்டான்னு முதலாளியைக் கேளுங்க. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீங்கன்னும் கேக்கணும். கருங்குழியில் 2017இலேயே கசடு சுத்திகரிக்கும் நிலையம் வந்தாச்சு. ராத்திரியில் கொட்டப்படும் ஓடை எந்தத் தெருவை ஒட்டி ஓடுகிறது என்று நமக்குத் தெரியும்.

விடுதி மாணவர்கள் வார்டனிடம் உரிமத்தின் நகல் கேட்கலாம். கூப்பிட வேண்டிய எண் 14420.