அக்காளை அழித்து வரையும் வம்ச மரம்

குடும்ப மரம் வரையும் மென்பொருள்கள் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. ஓய்வுபெற்ற சித்தப்பாக்களும் வெளிநாட்டில் வேலைபார்க்கும் தம்பிகளும் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பதிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்த மரங்களிலோ எல்லா ஆண்களும் அந்நியப் பெண்களையே மணந்திருக்கிறார்கள்.

எப்படி? பொய்யே சொல்ல வேண்டாம். மகள்களை எழுதாமல் விட்டாலே போதும்.

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் தம்பி பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அக்காள் தங்கை பிள்ளைகளும் அப்படியே. கட்டிக்கொள்ளும் முறை பிறப்பது ஓர் ஆணுக்கும் அவனுடன் பிறந்த பெண்ணுக்கும் நடுவில்தான்: மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள். இரத்தக் கோடு ஒரு பெண்ணைத் தொட்டுத்தான் வந்தாக வேண்டும். தகப்பன், மகன், பேரன் என்று மட்டும் இறங்கும் வம்சாவளியில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. அவள் இல்லையென்றால் அவள் மகள் எங்கிருந்தோ வந்த மருமகள்.

என் பாட்டியை மணந்தவர் அவருடைய தாய்மாமன். எங்கள் குடும்ப மரத்தைப் பதிவு செய்யும் பெரியப்பா மகன் அந்தக் கோட்டைச் சேர்க்க மறுத்தார். "வெளிநாட்டுல வளர்ற பிள்ளைங்க பார்த்தா அசிங்கமா நினைக்கும்மா. பாட்டி பேரைப் போட்டாச்சு, போதாதா?" என்றார். "போதாதுண்ணே. பாட்டியோட அம்மா பேரு எங்கே?" என்று கேட்டேன். பதில் இல்லை.

மென்பொருளுக்கு இதில் சிக்கலே கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு பதிவு. ஒரு குடும்பத்தில் அவள் மகள், இன்னொன்றில் மனைவி. இரண்டையும் ஒரே பதிவோடு இணைத்தால் முடிந்தது. படம் வரையும்போது அவள் பெட்டி இரண்டு இடத்தில் தெரியலாம். உடனே பிழை என்று பதறி ஒன்றை நீக்குகிறார்கள். நீக்கப்படுவது எப்போதும் பிறந்தவீட்டுக் கோடு.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. எவர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்களோ, அவருக்கே கழுத்தை நீட்டச் சொன்ன கதை இருக்கிறது. அம்மாவைப் பெற்றவளே மாமியார் ஆனது இருக்கிறது. பிறக்கும் பிள்ளைக்குப் பாட்டியும் அவளே, கொள்ளுப்பாட்டியும் அவளே. நிலம் வெளியே போகக் கூடாது, சாதி கலக்கக் கூடாது என்ற கணக்கும் இருக்கிறது. 1955 இந்துத் திருமணச் சட்டம் மாமன், அக்காள் மகள் உறவைத் தடைசெய்யப்பட்ட உறவுகளில் வைத்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்று கதவையும் திறந்துவிட்டது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியபோது எந்தப் பெண்ணைக் கேட்டார்கள்?

பிள்ளை குறையோடு பிறந்தால் பழி மட்டும் தாய்க்கு வரும். பெற்றோர் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற மரபணுவால் வரக்கூடிய நோய்கள் உண்டு. அதனால்தான் மரபியல் மருத்துவர்கள் வரையும் குடும்பப் படத்தில் உறவுக்குள் மணந்த இருவரை இரட்டைக் கோட்டால் இணைக்கிறார்கள். நம் வீட்டு மரம் மறைப்பதை மருத்துவமனைத் தாள் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் அசிங்கம் என்று நான் சொல்லவில்லை. விரும்பி மணந்து நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு. திராவிட உறவுமுறையின் பெருமை என்று கொண்டாடவும் மாட்டேன். மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே தோழிகளே, மாணவிகளே, அந்தக் கணினியை நீங்கள் கைப்பற்றுங்கள். மகள்களை முதலில் எழுதுங்கள். ஒருத்தியை இரண்டு பேராகப் பதியாதீர்கள். 'நீஸ்' என்று மென்பொருள் சொல்வதோடு நிற்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அண்ணன் மகளும் அக்காள் மகளும் ஒன்று. நம் முறையில் ஓர் ஆணுக்கு முன்னவள் மகள், பின்னவள் மருமகள். குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதுங்கள். பிறந்த ஆண்டையும் மணமான ஆண்டையும் இருவருக்கும் போடுங்கள். கழித்துப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். உயிரோடு இருக்கும் பாட்டிகளிடம் "உன்னைக் கேட்டார்களா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை, அனுமதியோடு, அவர்கள் பெயருக்குக் கீழேயே பதிவு செய்யுங்கள்.