மகாவலிக் கரையில் முறிந்த வாக்கு

மகாவலி கங்கை நமது கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலப்பதை இவ்வூர் மாணவர் அறிவர். அதே ஆற்றின் மேற்பகுதியில், கண்டி நகருக்கு அருகே, 1803ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆங்கிலப் படையொன்று திருகோணமலைக்கு வர வழியின்றித் திகைத்து நின்றது. அக்கதையின் நடுநாயகர் பிலிமத்தலாவ அதிகார்.

கண்டியரசின் முதல் அதிகாராக, அதாவது தலைமை மந்திரியாக விளங்கியவர் அவர். 1798இல் இராஜாதி ராஜசிங்கன் மகவின்றி மறைந்தபோது, பதினெட்டு வயது நாயக்க இளைஞனான கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏற்றியவரும் அவரே. இளைஞன் தம் சொற்கேட்டு நடப்பான் என எண்ணினார் போலும், நடக்கவில்லை. தாம் முடிசூட்டிய மன்னனையே வீழ்த்தும் நோக்குடன் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்தோடு மறைவாகப் பேசலானார். நோர்த்தும் அதற்குச் செவிசாய்த்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

திருகோணமலைத் துறைமுகம் 1795இலேயே ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1803இன் தொடக்கத்தில் இங்கிருந்து கேணல் பார்பட்டும், கொழும்பிலிருந்து ஜெனரல் மக்டவலும் கண்டிமீது படை நடத்தினர். சென்றடைந்தபோது நகரில் ஆளில்லை. அரண்மனையில் தீ மூண்டிருந்தது. தம்மிடம் அடைக்கலம் புகுந்திருந்த முத்துசாமிக்கு முடிசூட்டிவிட்டு, சிறு காவற்படையை மட்டும் நிறுத்திப் பெரும்படை திரும்பிற்று. எஞ்சியோரைக் காய்ச்சல் வாட்டியது.

யூன் 24ஆந் திகதி கண்டிப்படை சூழ்ந்து தாக்கவே, மேஜர் டேவி பணிந்தார். படைக்கலங்களுடன் திருகோணமலைக்குச் செல்லலாம் என்று அதிகார் உறுதியளித்தார். ஆனால் வட்டப்புளுவவில் மகாவலி கரைபுரண்டு ஓடிற்று, கடக்க ஓடமில்லை. மன்னன் முத்துசாமியைக் கேட்டான், டேவி ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். பின்னர் ஆயுதம் களைந்த படையினரும் வெட்டப்பட்டனர். நகரில் நோயுற்றுக் கிடந்தோரும் தப்பவில்லை.

பழி முழுவதையும் அதிகார்மீது சுமத்த நமக்கு மனம் ஒப்பவில்லை. வாக்கு அவருடையது, கட்டளையோ மன்னனுடையது. அடைக்கலம் தந்தவரே அடைக்கலப் பொருளைக் கைவிட்டதும் சிறிய குற்றமன்று. எனினும், பகைவனை வரவழைத்த பேச்சைத் தொடக்கியவர் அதிகாரே அன்றோ?

மன்னன் அதனை மறக்கவில்லை. சில ஆண்டுகளின் பின், சதி செய்தார் என்று அவர் தலை துணிக்கப்பட்டது. அவருக்குப்பின் அதிகாரான மருமகன் எகலப்பொலவும் ஆங்கிலேயரிடமே சென்றார். 1815இல் கண்டி வீழ்ந்தது. மன்னன் வேலூர்ச் சிறையில் 1832இல் மாண்டான்; எகலப்பொலவோ அதற்கு முன்னரே, 1829இல், மொரீசியசுத் தீவில் ஆங்கிலேயரின் கைதியாக மாண்டார்.

டேவியின் படை வந்துசேராத திருகோணமலைக்கு, 1804இல் கப்டன் ஜோன்ஸ்டன் கண்டியிலிருந்து போரிட்டவாறே வந்துசேர்ந்தார். அதனை வேறொரு வாரம் கூறுவோம்.